பழைய டெஸ்க்டாப்புக்குக் குறைந்த விலையில் எஸ்எம்பிஎஸ்: அறிகுறியைக் கொண்டு பழுதறிந்து மாற்றும் முறை

பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த டெஸ்க்டாப் கணினி ஒரு நாள் இயங்க மறுத்தால், "எஸ்எம்பிஎஸ் போய்விட்டது, மாற்றிவிடுங்கள்" என்பதே பெரும்பாலும் முதலில் கிடைக்கும் ஆலோசனை. எஸ்எம்பிஎஸ் என்பது சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற குறைந்த வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டி. அந்த ஆலோசனை சரியாக இருக்கவும் கூடும். ஆனால் எஸ்எம்பிஎஸ் பழுதானால் தோன்றும் அறிகுறிகளை ரேம், மதர்போர்டு, பவர் பட்டன், சுவரில் உள்ள பிளக் பாயின்ட் ஆகியவையும் அப்படியே தோற்றுவிக்கும் என்பதால், காசு செலவழிக்கும் முன் குற்றவாளி யார் என்று உறுதி செய்துகொள்வது நல்லது. உறுதியான பிறகு கடைக்குப் போகும்போது, பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட வாட்ஸ் எண்ணை நம்பாமல், பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியர் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும், குறைந்த விலையிலேயே நல்ல பொருளை வாங்கிவிடலாம்.

இங்கே சொல்பவை கோர் 2 டுவோ காலத்திலிருந்து நான்காம் தலைமுறை ஐ3, ஐ5 வரையிலான, 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் வீட்டு, அலுவலகக் கணினிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சோதனைக்கு ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் போதும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். அதன் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர்களில் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரம் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே இருக்கும்.

பட்டனை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை

முதலில் சுவர் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அதே பிளக் பாயின்டில் ஒரு மேஜை விசிறியை மாட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். மானிட்டருக்கும் கேபினெட்டுக்கும் பெரும்பாலும் ஒரே வகை பவர் கேபிள்தான் என்பதால், இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தால் கேபிள் பழுதா என்பது நொடியில் தெரிந்துவிடும். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறத்தில் சிறிய ஆன்-ஆஃப் சுவிட்ச் இருந்தால், கேபினெட்டைத் துடைக்கும்போது யாராவது அதை அணைத்திருக்கலாம். பழைய மாடல்களில் அதனருகே 115, 230 என்று எழுதிய சிவப்பு நிறத் தள்ளு சுவிட்ச் ஒன்றும் இருக்கும். அது எப்போதும் 230இல்தான் நிற்க வேண்டும். 115இல் வைத்து நம் ஊர் மின்சாரத்தைக் கொடுத்தால் எஸ்எம்பிஎஸ் பலத்த சத்தத்துடன் எரிந்துபோகும்.

இவை எல்லாம் சரியென்றால், பிளக்கை மாட்டி, கணினியை இயக்காமல், மதர்போர்டில் செருகியுள்ள 24 பின் கனெக்டரின் ஊதா நிற ஒயரை மல்டிமீட்டரால் சோதியுங்கள். மீட்டரின் கறுப்பு முனையை ஏதாவது ஒரு கறுப்பு ஒயரிலும், சிவப்பு முனையைக் கனெக்டரின் பின்பக்கமாக ஊதா ஒயர் நுழையும் இடத்திலும் வைக்க வேண்டும். கணினி அணைந்திருக்கும்போதும் எஸ்எம்பிஎஸ் தந்துகொண்டே இருக்க வேண்டிய ஸ்டாண்ட்பை மின்சாரம் இது, 4.75 வோல்ட்டிலிருந்து 5.25 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கனெக்டரை மதர்போர்டிலிருந்து கழற்றிய பிறகும் இங்கே ஒன்றுமே வரவில்லை என்றால், பழுது எஸ்எம்பிஎஸ்ஸில்தான். மேற்கொண்டு சோதிக்கத் தேவையில்லை.

ஊதா ஒயரில் 5 வோல்ட் ஒழுங்காக வந்தால் அவசரப்படாதீர்கள். கேபினெட்டின் முன்புற பவர் பட்டன் தேய்ந்து போயிருப்பது பழைய கணினிகளில் மிகச் சாதாரணம். அந்தப் பட்டனிலிருந்து வரும் இரண்டு ஒயர்களை மதர்போர்டிலிருந்து கழற்றிவிட்டு, அவை மாட்டியிருந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். கணினி எழுந்துவிட்டால் உங்களுக்குத் தேவை ஒரு சிறு சுவிட்ச் மட்டுமே. அதுவும் பலிக்கவில்லை என்றால், மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரியை மாற்றிப் பாருங்கள். சில போர்டுகள் பேட்டரி முற்றிலும் தீர்ந்த நிலையில் துவங்க மறுக்கும்.

அடுத்தது, சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் எந்தக் கடைக்காரரும் கண் முன்னே செய்து காட்டும் சோதனை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் எல்லா ஒயர்களையும் கணினியிலிருந்து கழற்றி, ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கையோ டிவிடி டிரைவையோ மட்டும் சுமையாக மாட்டி, 24 பின் கனெக்டரில் உள்ள ஒரே பச்சை ஒயரையும் பக்கத்தில் உள்ள ஒரு கறுப்பு ஒயரையும் சிறு கம்பியால் இணைத்து, பிறகு மின்சாரம் கொடுக்க வேண்டும். ஃபேன் சுற்றினால் மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வோல்ட் வரை இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஃபேன் சுற்றுவதை மட்டும் பார்த்து எஸ்எம்பிஎஸ் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சுமையில்லாமல் நன்றாக அளவு காட்டும் எஸ்எம்பிஎஸ் உண்மையான சுமை வந்ததும் சரிந்துவிடலாம். ஆனால் பச்சையையும் கறுப்பையும் இணைத்தும் சுற்றாத எஸ்எம்பிஎஸ் பழுதானதுதான்.

டெல் ஆப்டிபிளெக்ஸ் 790, 7010 போன்ற கணினிகளில் இந்தக் கம்பி வேலை தேவைப்படாது. அவற்றின் எஸ்எம்பிஎஸ் பின்புறத்தில் சிறிய சோதனைப் பட்டன் ஒன்று இருக்கும். அதை அழுத்தும்போது அருகிலுள்ள பச்சை விளக்கு எரிந்தால் எஸ்எம்பிஎஸ் வேலை செய்கிறது என்று பொருள்.

நாலைந்து முறை அழுத்தினால்தான் எழுகிறது

காலையில் முதன்முதலாக இயக்கும்போது அடம்பிடிக்கும்; ஒருமுறை எழுந்துவிட்டால் மாலை வரை தொந்தரவில்லாமல் ஓடும். இந்த அறிகுறிக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: வயதான கெப்பாசிட்டர்கள். அவற்றின் உள்ளே இருக்கும் திரவம் வெப்பத்தால் ஆண்டுக்கணக்கில் உலர்ந்துபோக, குளிர்ந்த நிலையில் மின்சாரத்தைச் சீராக்கும் திறன் குறைகிறது. கொஞ்சம் சூடேறியதும் தற்காலிகமாகத் தேறிக்கொள்கிறது. குறிப்பாக ஸ்டாண்ட்பை சுற்றில் உள்ள கெப்பாசிட்டர், பிளக் மாட்டியிருக்கும் வரை இரவு பகலாக உழைப்பதால், முதலில் தளர்ந்துவிடுகிறது.

ஆனால் அதே வகைக் கெப்பாசிட்டர்கள் மதர்போர்டிலும் உண்டு. பிராசஸரைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளின் தலையை டார்ச் அடித்துப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டிய தலை மேடாக உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் ஏதாவது கசிந்து உறைந்திருந்தாலோ, புதிய எஸ்எம்பிஎஸ் வாங்குவது வீண். 1999 முதல் 2007 வரை உலகம் முழுவதும் தரக்குறைவான கெப்பாசிட்டர்கள் பரவியிருந்தன. அக்காலத்து மதர்போர்டு என்றால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

ஃபேன் ஒரு கணம் சுற்றி உடனே நின்றுவிடுகிறது

எங்கோ ஷார்ட் இருப்பதை உணர்ந்து எஸ்எம்பிஎஸ் தன்னையே காத்துக்கொள்கிறது. குற்றம் எஸ்எம்பிஎஸ்மேல் இல்லாமலிருக்கவே வாய்ப்பு அதிகம். முன்புற யுஎஸ்பி துளைக்குள் பின் வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஹார்டு டிஸ்க், டிவிடி டிரைவ், கிராஃபிக்ஸ் கார்டு, முன்புற யுஎஸ்பி ஒயர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி இயக்கிப் பாருங்கள். அப்படியும் நின்றால், பிராசஸர் அருகே செருகியிருக்கும் மஞ்சள், கறுப்பு நிற 4 பின் கனெக்டரைக் கழற்றிவிட்டு இயக்குங்கள். இப்போது ஃபேன் நிற்காமல் சுற்றினால், பழுது பெரும்பாலும் பிராசஸருக்கு மின்சாரம் தரும் மதர்போர்டுப் பகுதியில் இருக்கிறது.

ஃபேன் நிற்காமல் சுற்றியும் திரையில் ஒன்றும் வரவில்லை என்றால், முதலில் ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் துடைத்து மறுபடி செருகுங்கள். அந்த 4 பின் கனெக்டர் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எச்பி காம்பேக் அலுவலகக் கணினிகளில் பவர் விளக்கு சிவப்பாக நான்கு முறை மின்னி, கூடவே நான்கு பீப் ஒலித்தால், எஸ்எம்பிஎஸ்மேல் சுமை மிகுந்துவிட்டது என்பது அதன் பொருள்.

வேலை கூடும்போது அணைகிறது, அல்லது தானாக ரீஸ்டார்ட் ஆகிறது

இணையத்தில் உலாவும்போது ஒரு சிக்கலும் இல்லாமல், விளையாட்டைத் திறந்தாலோ வீடியோவை எக்ஸ்போர்ட் செய்தாலோ கணினி சட்டென்று அணைவது, விலை குறைந்த எஸ்எம்பிஎஸ் மாட்டிய பழைய கணினிகளில் அதிகம் காணப்படும் கோளாறு. கணினியில் நடந்தவற்றைப் பதிந்துவைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் அங்கே கெர்னல்-பவர் 41 என்ற பதிவு இருக்கும். அதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ்தான் காரணம் என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். கணினி முறையாக ஷட்டவுன் ஆகாமல் அணைந்தது என்பதைத் தவிர அந்தப் பதிவு எதையும் சொல்வதில்லை.

வெப்பத்தால் அணைவதையும் மின்சாரப் போதாமையால் அணைவதையும் பிரித்தறிவதே இங்கே முக்கியம். பிராசஸர் சூடேறி அணைந்தால், சுமை தொடங்கிச் சில நிமிடங்கள் கழித்தே அது நிகழும். உடனே மறுபடி இயக்கினால் முன்னைவிட விரைவாக அணையும். மின்சாரம் போதாமல் அணைவதோ, சுமை ஏறிய அதே கணத்தில் நிகழும். சில எஸ்எம்பிஎஸ்கள் அதன் பின், பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் விட்டு மாட்டினால் மட்டுமே மீண்டும் எழும். எது எப்படியிருந்தாலும், பிராசஸரின் மேல் உள்ள ஹீட்சிங்க் என்ற உலோகக் குளிர்விப்பானில் அடைந்த தூசியை நீக்கி, இரண்டுக்கும் நடுவே காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றிவிட்டுச் சோதனையைத் தொடருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் சொந்த ஃபேன் சுற்றுகிறதா என்றும் கையை வைத்துப் பாருங்கள். அது நின்றுபோனால், வெப்பம் தாங்காமல் எஸ்எம்பிஎஸ்ஸே அணைந்துவிடும்.

பிறகு கணினிக்குச் சுமை கொடுத்தபடியே, உதிரியாகத் தொங்கும் ஏதாவது ஒரு 4 பின் மோலெக்ஸ் கனெக்டரில் (பழைய டிரைவ்களுக்கு மின்சாரம் தரும் அகலமான முனை) மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது 12.1 காட்டிய மீட்டர், சுமை ஏறியதும் 11.4க்குக் கீழே இறங்கினால் வேறு சாட்சி தேவையில்லை. மீட்டர் இல்லாதவர்கள், விண்டோஸ் துவங்கும் முன் திறக்கக்கூடிய பயாஸ் என்ற அமைப்புத் திரையில் தெரியும் வோல்ட்டேஜை ஓரளவு குறிப்பாக மட்டும் கொள்ளலாம், ஏனெனில் அத்திரை தெரியும் நேரத்தில் கணினிக்குப் பெரிய சுமை இருப்பதில்லை.

மின்தடையின்போது இன்வெர்ட்டர் இருந்தும் அணைகிறது

மின்சாரம் நின்று இன்வெர்ட்டர் பொறுப்பேற்கும் இடைவெளியை எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் உள்ள சேமிப்பைக் கொண்டே தாண்ட வேண்டும். நல்ல எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையிலும் சுமார் 16 மில்லி செகண்ட் தாக்குப்பிடிக்கும். வயதானதும் மலிவானதும் அவ்வளவு தாங்குவதில்லை. செலவு செய்வதற்கு முன், இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோட், ஈகோ மோட் என்று சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். யுபிஎஸ் மோடில் வைத்தால் மாறும் வேகம் கூடும். பல வீடுகளில் இது ஒன்றே சிக்கலைத் தீர்த்துவிடுகிறது.

புதிய எஸ்எம்பிஎஸ் மாட்டிய பிறகு இந்தக் கோளாறு தொடங்கினால் காரணம் வேறாக இருக்கலாம். ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ்கள் சில, சீரான அலைக்குப் பதிலாகச் சதுர அலை மின்சாரம் தரும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரோடும் மலிவான யுபிஎஸ்ஸோடும் ஒத்துப்போவதில்லை. வீட்டில் சைன் வேவ் இன்வெர்ட்டர் இல்லை என்றால், வாங்கும்போதே மாற்றித்தர ஒப்புக்கொள்ளும் கடையில் வாங்குங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினால் இது தீராது. அதன் உள்ளே இருக்கும் வடிகட்டிச் சுற்று மிகச் சிறிதளவு மின்சாரத்தை எர்த் ஒயருக்குத் தள்ளும்படியே வடிவமைக்கப்பட்டது. பிளக் பாயின்டில் எர்த் இல்லையென்றால் அந்த மின்சாரம் கேபினெட்டின் உலோக உடலில் நின்றுவிடுகிறது. டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். எலக்ட்ரீசியனை அழைத்து எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றும் அடாப்டரைக் கணினிக்குப் பயன்படுத்தவே கூடாது. எர்த் சரியாக இருந்தும் ஷாக் அடித்தால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை உடனே நிறுத்திவிடுங்கள்.

கருகல் வாசனை வந்தாலும் அப்படியே. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 24 பின் கனெக்டரைக் கழற்றி, அதன் துளைகளை வெளிச்சத்தில் பாருங்கள். தொடர்பு தளர்ந்த பின்னைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கும். மோலெக்ஸை, புதிய டிரைவ்களுக்கான தட்டையான சாட்டா கனெக்டராக மாற்றும் சிறு கேபிள்களும் எரியக்கூடியவை. ஒயரோடு சேர்த்து வார்த்த கனெக்டர் உள்ளவற்றைத் தவிர்த்து, ஒயர்கள் தனித்தனியாகச் செருகப்பட்டவற்றை வாங்குங்கள். நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. கதகதப்பைத் தேடிப் பின்புறத் துளை வழியாக நுழையும் பல்லி சர்க்யூட்டின் மேல் ஓடி, இரு முனைகளை இணைத்து, தானும் மாண்டு எஸ்எம்பிஎஸ்ஸையும் கொன்றுவிடும். காலியாக உள்ள பிசிஐ ஸ்லாட் இடைவெளிகளைத் தகட்டால் மூடிவைப்பது நல்லது.

எதை வாங்குவது

பழைய கணினிக்கு எவ்வளவு மின்சாரம் தேவை என்பதைப் பலர் மிகையாகவே மதிப்பிடுகிறார்கள். பிராசஸர் இழுக்கும் மின்சாரத்தைத் தோராயமாகக் காட்டும் வெப்ப அளவு (டிடிபி) ஐ5-3470க்கு 77 வாட்ஸ். கோர் 2 டுவோ இ7500க்கு 65. தனி பவர் கனெக்டர் தேவைப்படாத ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற கிராஃபிக்ஸ் கார்டு 75 வாட்ஸுக்குள் அடங்கும். ஜிடி 710க்கு 19 போதும். மதர்போர்டு, ரேம், ஹார்டு டிஸ்க், ஃபேன்கள் எல்லாம் சேர்த்தாலும் 1050 டிஐ போட்ட கணினி 220 வாட்ஸைத் தாண்டுவது அரிது. அதில் பெரும்பகுதி 12 வோல்ட் மஞ்சள் ஒயர்களில்தான் செல்கிறது.

இப்போது ஆயிரம் ரூபாய்க்குக் குறைவான, 450 வாட்ஸ் என்று எழுதிய ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளைப் படிப்போம். 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு 22, 3.3 வோல்ட்டுக்கு 18 என்று இருப்பதாகக் கொள்ளுங்கள். பெருக்கிப் பார்த்தால் 192, 110, 59 வாட்ஸ் வருகிறது. மீதமுள்ள சிறு வரிகளையும் சேர்த்தாலும் 400ஐ எட்டாது. அந்த மூன்றையும் ஒரே நேரத்தில் முழு அளவுக்கு இழுக்கவும் முடியாது. நமக்குத் தேவையான 12 வோல்ட்டில் கிடைப்பது 192 வாட்ஸ் மட்டுமே, அதுவும் லேபிள் உண்மை சொன்னால். நல்ல 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே வரியில் 30 ஆம்பியருக்கு மேல் இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு 15 முதல் 18 ஆம்பியர் உண்மையாகக் கிடைத்தால் போதும். 75 வாட்ஸ் கார்டு உள்ளதற்கு 25ஐ எதிர்பாருங்கள்.

மின்சாரத்தை வீணாக்காத எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தரப்படும் 80 பிளஸ் முத்திரையை மின் கட்டணத்தைக் காட்டிலும் வேறொரு காரணத்துக்காக நான் முக்கியமாகக் கருதுகிறேன். 2004இல் தொடங்கிய இந்தச் சான்றிதழைப் பெற, எஸ்எம்பிஎஸ் 20, 50, 100 சதவீதச் சுமைகளில் சோதிக்கப்படுகிறது. லேபிளில் போட்ட வாட்ஸை முழுதாகத் தர முடியாத பொருள் இதில் தேறாது. ஆகவே சான்று பெற்ற சாதாரணத் தர 400 அல்லது 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸே போதுமானது. அதற்கு மேல் வெள்ளி, தங்கம் என்று போவது பழைய கணினிக்கு வீண் செலவு. போலி ஸ்டிக்கர்களும் சந்தையில் உண்டு என்பதால், வாங்கும் முன் அந்த மாடல் 80 பிளஸ் பட்டியலில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பாருங்கள்.

பென்டியம் 3, அத்லான் எக்ஸ்பி காலத்துக் கணினியை இன்னும் பாதுகாப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும். பிராசஸர் அருகே 4 பின் கனெக்டர் இல்லாத அந்தப் போர்டுகளில் பல, 5 வோல்ட்டிலிருந்தே பிராசஸருக்கு மின்சாரம் எடுப்பதால், சிவப்பு ஒயரின் ஆம்பியரைத்தான் பார்க்க வேண்டும். 20க்குக் குறையக் கூடாது. இன்றைய எஸ்எம்பிஎஸ்களின் 24 பின் கனெக்டரில் 4 பின்களைத் தனியே பிரிக்க முடிந்தால் அது பழைய 20 பின் போர்டிலும் பொருந்தும்.

நிறுவனங்கள் கழித்துவிட்ட பிராண்டட் கணினியை ரீஃபர்பிஷ்டாக (சரிசெய்து மறுவிற்பனைக்கு வந்ததாக) வாங்கியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. டெல் ஆப்டிபிளெக்ஸ் 790, 7010 மினி டவர்களில் வழக்கமான 24 பின் கனெக்டர் இருக்கிறது. 3020, 7020, 9020 மாடல்களில் 8 பின் மட்டுமே. லெனோவோ திங்க்சென்டர் எம்83, எம்93 ஆகியவற்றில் 14 பின். இவற்றுக்கு மாற்றுக் கேபிள்கள் கிடைக்கின்றன, ஆனால் சில போர்டுகள் ஸ்டாண்ட்பையில் 5 வோல்ட்டுக்குப் பதிலாக 12 வோல்ட் கேட்பதால், உங்கள் மாடல் எண்ணைக் குறிப்பிட்டு விற்கப்படும் கேபிளையே வாங்க வேண்டும். ஒல்லியான டெஸ்க்டாப்களில் ஏடிஎக்ஸ் எனப்படும் வழக்கமான அளவு எஸ்எம்பிஎஸ் பெட்டி நுழையவே நுழையாது. 150 மில்லிமீட்டர் அகலம், 86 உயரம் உள்ள அந்தப் பெட்டிக்கு இடம் இருக்கிறதா என்று அளவுகோலால் அளந்துவிட்டுக் கடைக்குச் செல்லுங்கள். இத்தகைய ஒல்லிக் கணினிகளுக்கு அதே மாடலிலிருந்து கழற்றிய பழைய எஸ்எம்பிஎஸ்ஸே மலிவான வழி. அவை பெரும்பாலும் தரமானவை. ஆனாலும் வயதானவை என்பதால், கடையிலேயே கணினியில் மாட்டி, சுமை கொடுத்து அளந்த பிறகே பணம் கொடுங்கள்.

மாட்டும்போது புதிய எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிள்களை மட்டுமே பயன்படுத்துங்கள். கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் வகையில், எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனை ஒரே வடிவத்தில் இருந்தாலும் உள்ளே ஒயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய கேபிளைச் செருகினால் ஹார்டு டிஸ்க் எரிந்து, அதிலுள்ள தகவல்களும் போய்விடலாம். எல்லாம் மாட்டிய பின், பழுது எந்த வேலையின்போது தோன்றியதோ அதே வேலையைக் கணினிக்குக் கொடுத்து, ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மஞ்சள் ஒயரை மறுபடி அளந்து, அந்த எண்ணை ஒரு சீட்டில் தேதியோடு எழுதிக் கேபினெட்டின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை கணினி அடம்பிடிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.